தாடிக்காரர் வீட்டு அம்மா

அன்புள்ள தோழிக்கு,

நலம். நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது, மிச்சத்தை நேரில் திட்டிக்கொள்.

நம் தாடிக்காரர் டால்ஸ்டாயின் மனைவி சோஃபியா நாவல் எழுதியிருக்கிறார், தெரியுமா உனக்கு? எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. சோஃபியா என்றால் ‘போரும் அமைதியும்’ நாவலைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர், 13 பிள்ளை பெற்றவர், கடைசிக் காலத்தில் சண்டை போட்டவர். நாம் படித்தது அவ்வளவுதானே! 1862இல் கல்யாணம். அவருக்கு 34, இவருக்கு 18. சிறு வயதிலேயே ஒரு கதை எழுதி வைத்திருந்தவர், கல்யாணத்துக்கு முன்பு அதை எரித்துவிட்டார். மாப்பிள்ளையோ தன் பழைய லீலைகளெல்லாம் எழுதிய நாட்குறிப்பைப் பெண் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். நல்ல பொருத்தம்!

அப்புறம் தாடிக்காரரின் ‘கிராய்ட்சர் சொனாட்டா’ வருகிறது. சந்தேகப்பட்டு மனைவியைக் கொல்பவனின் கதை. அவர்கள் வீட்டுக் கதைதான் என்று ஊர் பேசுகிறது, அரசு தடை செய்கிறது. இந்த அம்மா முடங்கிக் கிடந்தாரா? 1891இல் பீட்டர்ஸ்பர்க் போய் ஜார் மூன்றாம் அலெக்சாந்தரை நேரில் பார்த்து, தொகுப்பு நூலில் அதைச் சேர்க்க அனுமதி வாங்கிவந்தார். கணவரின் பதிப்பாளரும் அவர்தானே.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பதில் நாவல் எழுதினார், ‘யார் குற்றம்?’ என்று. அதே சந்தேகக் கணவன், அதே கொலை. இந்த முறை கதை மனைவியோடு போகிறது. காகிதம் பறக்காமல் வைக்கும் பளிங்குக் கல்லை எறிந்து கொல்கிறான். எழுதுகிறவன் மேசையில் வேறென்ன கிடைக்கும்! நடை சில இடங்களில் இழுக்கிறது, இருக்கட்டும். கணவரின் கதைக்காக ஜார் வரை போனவர் தன்னுடையதை அச்சுக்குக் கொடுக்கவே இல்லை. 1919இல் இறந்துவிட்டார். நாவல் வெளிவந்தது 1994இல்.

கோபப்படாதே, கேட்டுவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் நாவலுக்கு மறுபடியும் மெய்ப்புப் பார்ப்பதாக எழுதியிருந்தாய். பார், அவர் ஒற்றுப் போடும் லட்சணம் எனக்குத் தெரியாதா? ஆனால் உன் கதைகள் என்ன ஆயின? ‘இந்த வீட்டுக்கு ஒரு எழுத்தாளர் போதும்’ என்று நீ சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மூத்தவர், பெயர் வாங்கியவர், சரி. அதற்கு?

அந்தக் கிணற்றுக் கதையை எனக்கு அனுப்பு. தட்டச்சு வேண்டாம், உன் கோழிக் கிறுக்கல் எனக்குப் பழக்கம்தான். நீ கேட்டால் மட்டும் கருத்துச் சொல்கிறேன்.

உன்,
கடைசிப் பெஞ்சுக்காரி