எங்கள் பின் ஒழுங்கைக்காக நடந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய அயலவர்களுக்கும், எங்கள் வட்டாரத்தின் அயற்புறப் பொலிஸ் குழுவினருக்கும்,

இந்த மடல் ஐந்து மாதம் பிந்தி வருகிறது. எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையின் இரு முனைகளிலும் இரும்புப் படலைகள் பொருத்தப்பட்ட ஒக்டோபர் மாதத்திலேயே நன்றி எழுதத் தொடங்கிவிட்டேன். அதைக் குழுவின் சார்ஜன்ட் அம்மையாரிடம் சொன்னபோது, ஒரு மாரிகாலம் கடந்த பிறகு எழுதுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில்தான் இங்கிலாந்தில் வீட்டுக் களவுகள் தலைதூக்கும் என்பதால், அதற்கு முன் படலையைப் புகழ்வது அவசரம் என்பது அவருடைய கருத்து. இப்போது மாரி கழிந்துவிட்டது, எழுதுகிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சுருக்கமாக: எங்கள் வரிசையில் இருபத்தாறு வீடுகள் உள்ளன. எல்லா வீட்டுப் பின்மதில்களும் ஒரே ஒழுங்கையைப் பார்த்து நிற்கின்றன. அங்கிருந்த ஒரே விளக்கும் உடைந்து பல மாதங்களாகியிருந்தன. மாலையில் போதைப்பொருள் கைமாறுவதையும், குடும்பங்கள் கோவிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் பின்கதவுகள் உடைக்கப்படுவதையும் நாங்கள் ஏறக்குறைய வழமையாகவே ஏற்றுக்கொண்டிருந்தோம். உள்ளே புகுந்தவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்கள் தேடியது நகையை. தெற்காசியக் குடும்பங்களின் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இந்த நாட்டுக் கள்வர்களுக்கு நன்றாகவே தெரியும். தீபாவளிக்கு முன்பாகப் பல இடங்களில் பொலிஸார் இதுபற்றி எச்சரிக்கை வெளியிடுவதும் அதனால்தான்.

முதற் கூட்டத்தில் நாங்கள் நடந்துகொண்ட விதத்தை நினைக்க எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. யாரும் கவனிப்பதில்லை என்று ஆளுக்காள் குரல் உயர்த்தினோம். குழுவின் கான்ஸ்டபிள் மறுப்பு எதுவும் சொல்லாமல், தெருவாரியாகக் குற்றங்களை மாதந்தோறும் காட்டும் பொலிஸ் வரைபடத்தைத் திரையில் திறந்தார். 2011 இலிருந்து எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கும் வரைபடம் அது. அதில் எங்கள் ஒழுங்கை ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. களவு போன வீட்டார் கொடுத்த முறைப்பாடுகளைத் தவிர வேறு எதுவுமே பதிவாகியிருக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று இந்த வீட்டுக்காரரும், இந்த வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று அடுத்த வீட்டுக்காரரும் இருந்துவிட்டோம். எங்களிற் சிலருக்கு வேறொரு காரணமும் இருந்தது. சீருடையைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறி நடந்து பழகிய நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் விமானத்தில் ஏறியவுடன் விட்டுப்போவதில்லை.

இந்த இடத்தில் முதல் நன்றியை எங்கள் பி.சி.எஸ்.ஓ. அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். 2002 ஆம் ஆண்டின் பொலிஸ் சீர்திருத்தச் சட்டத்தால் உருவான பொலிஸ் சமூக ஆதரவு அலுவலர் என்ற இந்தப் பதவியில் இருப்பவர்களுக்கு, கான்ஸ்டபிளுக்கு உள்ளதுபோல் கைதுசெய்யும் அதிகாரம் இல்லை. கைதுசெய்ய முடியாதவர் வந்து என்ன பயன் என்று கூட்டத்தில் கேட்டவர்களில் நானும் ஒருவன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஒருநாள் அவருடன் வீடு வீடாகப் போனேன். எங்கள் வரிசையில் தனியாக வாழும் முதியவர் ஒருவர், கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் விரலளவு இடைவெளியால் பார்த்தார். இந்த அம்மா கதவை நெருங்கவில்லை. இரண்டு படி பின்னால் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அடையாள அட்டையை வெளிச்சத்தில் பிடித்தபடி, அவர் வாசித்து முடிக்கும்வரை பேசாமல் நின்றார். அன்று கதவு திறக்கவில்லை. மூன்றாவது முறை திறந்தது. பின்மதிலுக்கு மேலால் ஆட்கள் ஏறும் நேரங்களை அந்த முதியவர் மாதக் கணக்காக நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. கேட்டவர் இல்லாததால் அவர் யாருக்கும் சொல்லவில்லை.

எங்கள் பணி முழுவதற்கும் அந்த நாட்காட்டிதான் முன்மாதிரி ஆனது. "எப்போதும் சத்தம்", "ஒவ்வொரு நாளும் தொல்லை" என்று எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது, நாள், நேரம், கண்ட காட்சி, வாகனம் இருந்தால் அதன் இலக்கம் என்று மட்டும் எழுதுங்கள் என்று கான்ஸ்டபிள் கேட்டார். ஆபத்து அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தால் 999, மற்றவற்றுக்கு 101, பெயர் சொல்ல அஞ்சுபவர்களுக்குப் பொலிஸைச் சாராத கிரைம்ஸ்டொப்பர்ஸ் என்ற தொண்டு நிறுவனம் என்பதைத் தமிழில் எழுதி வீடு தோறும் கொடுத்த எங்கள் பல்கலைக்கழக மாணவிகள் இருவருக்கும் நன்றி. ஆறு வாரக் குறிப்புகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது, "எப்போதும்" என்று நாங்கள் நம்பியிருந்தது உண்மையில் வாரத்தில் மூன்று மாலைகள், அதுவும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்று தெரிந்தது. ரோந்தை அந்த நேரத்துக்கு மாற்றுவது அதன் பிறகு எளிதாக இருந்தது.

சொல்லத் தயங்கும் விடயம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒழுங்கையில் கூடும் பையன்களைக் கலைத்து அனுப்புங்கள் என்பதே எங்களின் முதற் கோரிக்கை. 2014 ஆம் ஆண்டின் சமூகவிரோத நடத்தைச் சட்டத்தின்படி, இன்ஸ்பெக்டர் தரத்தில் உள்ளவரோ அதற்கு மேற்பட்டவரோ அனுமதி கொடுத்தால் 48 மணி நேரம்வரை ஒரு பகுதியிலிருந்து ஆட்களை விலகச் சொல்ல முடியும். சார்ஜன்ட் அந்த அனுமதியைக் கேட்க மறுத்தார். எனக்குக் கோபம் வந்தது. கடுமையான மின்னஞ்சல் ஒன்றும் அனுப்பினேன். பிறகுதான் விளங்கியது, அங்கே இரண்டு கூட்டங்கள் இருந்தன. வாகனத்தில் வந்து சில நிமிடங்களில் போய்விடுபவர்கள் ஒரு கூட்டம். பந்து விளையாட வேறு இடமில்லாமல் அங்கே நிற்பவர்கள் மற்றது. இரண்டாவது கூட்டத்தில் எங்கள் வரிசைப் பிள்ளைகளே இருந்தார்கள், அவர்களில் ஒருவன் என் மருமகன். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, பாடசாலையின் விளையாட்டுத் திடலை இரண்டு மாலைகள் திறந்துவிட ஏற்பாடு செய்த குழுவினருக்கு, அந்த மின்னஞ்சலுக்கான மன்னிப்போடு சேர்த்து நன்றி சொல்கிறேன்.

படலை என்பது கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் அந்த ஒழுங்கை கவுன்சிலின் பராமரிப்பில் உள்ள வழி அன்று என்பதும், அதன் நிலம் வீட்டு உறுதிகளோடு துண்டு துண்டாகச் சேர்ந்திருக்கிறது என்பதும், ஆகவே வழியுரிமை உள்ள அனைவரின் சம்மதமும் கையெழுத்தாக வேண்டும் என்பதும் தெரிந்தபோது பாதிப் பேர் கைவிட்டுவிட்டார்கள். காணிப் பதிவகத்தில் தேடி வீட்டுக்கு வீடு உறுதிப் பிரதிகளை எடுத்துத் தந்தவர், எங்கள் வரிசையில் எங்களுக்கெல்லாம் முன்பிருந்தே வாழும் ஆங்கிலேயர், ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி. நாற்பது வருடம் ஒரே வரிசையில் இருந்தும் இந்த ஒழுங்கைக்காகத்தான் முதன்முறை அவர் எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தார். வாடகை வீடுகளின் உரிமையாளர்களைத் தேடிப்பிடித்துக் கடிதம் அனுப்பிய கவுன்சிலின் சமூகப் பாதுகாப்பு அலுவலரையும் மறக்க முடியாது. இருபத்தாறாவது கையெழுத்து வெளிநாட்டிலிருந்து வந்தது. பொலிஸும் உள்ளூராட்சி அமைப்பும் சேர்ந்து குற்றத் தடுப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 1998 ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதை நான் முன்பே வாசித்திருந்தேன். அந்தச் சேர்க்கை நடைமுறையில் ஒரே மேசையில் இரண்டு மடிக்கணினிகளும் ஒரு நீண்ட பட்டியலுமாக இருக்கும் என்பதை அப்போதுதான் கண்டேன்.

மண்டபத்தில் நடந்த நகைப் பதிவு மாலை பற்றிச் சிறிது. பெண்கள் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள். நகையைப் பொலிஸாருக்குக் காட்டுவதா என்ற கேள்வி இயல்பானது. கான்ஸ்டபிள் நகையைத் தொடவே இல்லை. வெள்ளைத் துணியில் தாலிக்கொடியை நீட்டி வைத்து, பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து, முத்திரை தெரியும்படி கொளுக்கியைத் திருப்பி, அவரவர் கைத்தொலைபேசியிலேயே படம் எடுக்கச் சொன்னார். மீட்கப்பட்ட நகை யாருடையது என்று நிறுவ முடியாமல் போவது உண்டு என்றும், காப்புறுதி நிறுவனமும் படத்தைத்தான் முதலில் கேட்கும் என்றும் விளக்கினார். நகையைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்பது பற்றி அன்றிரவு எத்தனை வீடுகளில் வாக்குவாதம் நடந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் எழுதப்போவதில்லை.

எல்லாம் சீராக நடந்தது என்று எழுதினால் அது முகஸ்துதி ஆகிவிடும். குழுவினர் வேறு பணிக்கு அழைக்கப்பட்டதால் இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போயின. நாங்கள் பழகிய கான்ஸ்டபிள் ஒருவர் நடுவில் மாற்றலாகிப் போனார், புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல நேர்ந்தது. ஒவ்வொரு அயலுக்கும் பெயர் தெரிந்த, தொடர்புகொள்ளக்கூடிய அலுவலர் இருக்க வேண்டும், கேள்விகளுக்கு 72 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று 2025 இல் அரசு அறிவித்தது. எங்கள் குழு அதற்கு முன்பே ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தது என்பதால்தான் அந்த இடைவெளிகளை எங்களால் தாங்க முடிந்தது: செய்ய முடிந்ததையும் முடியாததையும், முடியாததற்கான காரணத்தையும் அவர்கள் திரும்பி வந்து சொல்வார்கள். பெரும்பாலும் நல்ல செய்தி இருக்காது. ஆனாலும் வருவார்கள். இந்த மடல் முக்கியமாக அந்தத் திரும்பி வருதலுக்கானது.

மாரியின் கணக்கு இது: படலை போட்டபின் எங்கள் வரிசையில் ஒரு பின்கதவும் உடைபடவில்லை. மகிழ்ந்துபோய் இதைச் சொன்ன கூட்டத்தில், களவு அடுத்த தெருவுக்கு நகர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டவரும் அதே சார்ஜன்ட்தான். பார்த்தபோது அங்கே பெரிதாகக் கூடவில்லை. ஆனால் வாகனத்தில் வருபவர்கள் இப்போது தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிறார்கள். அந்தப் பக்கத்து அயலவர்கள் குறிப்பெழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த முதியவரின் நாட்காட்டியை அவர்களுக்குக் காட்டுவதற்கு இரவல் வாங்கியிருக்கிறேன்.

ஒழுங்கைப் படலையின் சாவிகளில் மூன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன. உரியவர்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகு, வாடகைக்கு இருப்பவர்களானால் வீட்டு உரிமையாளரின் கடிதத்தோடு, வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
குடியிருப்பாளர் குழுவின் செயலாளர்