கதிருக்கு: இரண்டு டிக்கெட், இரண்டு வகுப்பு

அன்புள்ள கதிர்,

போலீஸ் உனக்கு எழுதிக்கொடுத்த இரண்டு டிக்கெட்டையும், அதாவது வழக்குச் சீட்டையும், நீ அனுப்பியதும் அப்பாவும் நானும் பார்த்தோம். ஒன்று பீர் கேனுக்கு, மற்றது வேப்புக்கு (இ-சிகரெட்). ஒரே ராத்திரியில் எழுதியது என்றாலும் டெக்சஸ் சட்டத்தில் இவை இரண்டும் தனித்தனி வழக்கு. கோர்ட்டு எடுக்கச் சொல்லும் மது விழிப்புணர்வு வகுப்பின் சர்டிஃபிகேட் வேப் வழக்குக்குச் செல்லாது, புகையிலை வகுப்பின் சர்டிஃபிகேட் மது வழக்குக்கும் செல்லாது. "ஆன்லைனில் ஒரு க்ளாஸ் எடுத்தால் முடிந்தது" என்று உன் ரூம்மேட் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதே.

முதலில் பீர் வழக்கு. 21 வயது ஆகாதவர் மது வைத்திருப்பது கிளாஸ் சி என்கிற மிகச் சிறிய வகைக் குற்றம், அபராதம் 500 டாலர் வரை. பணத்தைக் கட்டித் தலைமுழுகிவிடலாம் என்று நினைக்காதே. இந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்வதென்றால் நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால்தான் செய்ய முடியும். முதல் முறை குற்றம் உறுதியானால் லைசென்ஸ் 30 நாள் முடங்கும், 8 முதல் 12 மணி நேரம் சமூக சேவை, அதோடு வகுப்பு. ஆகவே நீ கேட்க வேண்டியது 'டிஃபர்ட் டிஸ்பொசிஷன்'. தீர்ப்பைத் தள்ளிவைப்பார்கள். அப்போதும் வகுப்பும் சமூக சேவையும் உண்டு, ஆனால் சொன்னதையெல்லாம் கெடுவுக்குள் முடித்தால் வழக்கு தள்ளுபடி ஆகும்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, இதுதான் எங்களைத் தூங்கவிடாதது. நீ இன்னும் ஹெச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில் இருக்கிறாய். குற்றத்தை ஒப்புக்கொண்டோ 'நோ கான்டெஸ்ட்' (எதிர்த்து வாதாடவில்லை) என்று சொல்லியோ நிபந்தனைகளை ஏற்றால், உள்ளூர் கோர்ட்டு பின்னால் தள்ளுபடி செய்தாலும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே கணக்கில் எடுக்கலாம். எனவே நீதிபதி முன் வாயைத் திறப்பதற்கு முன் இமிகிரேஷன் வக்கீல் ஒருவரிடம் இரண்டு டிக்கெட்டையும் காட்டு. ஃபீஸை நாங்கள் கட்டுகிறோம்.

வேப் வழக்கு கொஞ்சம் இலகு. 2019 செப்டம்பர் 1 முதல் புகையிலைக்கும் இ-சிகரெட்டுக்கும் வயது 21. அபராதம் 100 டாலர் வரை. முன்பு இதே வழக்கில் நீ சிக்கியதில்லை என்பதால், புகையிலை விழிப்புணர்வு வகுப்பை முடித்து 90 நாளுக்குள் சான்று கொடுத்தால் வழக்கையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மது வகுப்புக்கும் கெடு 90 நாள்தான். தவறினால் லைசென்ஸ் 6 மாதம் வரை போகும். தக்க காரணம் இருந்தால் கெடுவை நீட்டித் தருவார்கள், ஆனால் கேட்டால்தான் தருவார்கள். உன் உத்தரவில் வேறு தேதி எழுதியிருந்தால் அதுதான் உனக்குக் கெடு.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். கூகுளில் முதலில் வருகிற 'கோர்ட் அப்ரூவ்டு' தளங்கள் பல வேறு மாநிலத்துக்கானவை. ஏற்பதும் மறுப்பதும் உன் கோர்ட்டு. மது வகுப்பு 6 மணி நேரப் பாடம். ஒரு மணி நேரத்தில் சர்டிஃபிகேட் என்று விற்பவனிடம் போகாதே. டெக்சஸ் மாநில உரிமத் துறையான டிடிஎல்ஆரின் உரிமம் உள்ள நிறுவனமா என்று பார். புகையிலை வகுப்புக்கு மாநில சுகாதாரத் துறையின் அங்கீகாரம் வேண்டும். பிறகு கோர்ட் கிளார்க்குக்கு இமெயில் போட்டு, "இந்த நிறுவனத்தின் ஆன்லைன் வகுப்பை ஏற்பீர்களா?" என்று கேள். பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டு.

பெயர் விஷயத்தில் கவனம். நம் வீட்டுப் பெயர்கள் இங்கே படாதபாடு படும். டிக்கெட்டில் அப்பா பெயர் லாஸ்ட் நேமாக இருக்கிறது. நீ ஸூமில் 'கேடி' என்று நுழைவாய், பதிவில் இனிஷியல் மட்டும் போடுவாய். சர்டிஃபிகேட்டில் வேறு பெயர் இருந்தால் கிளார்க் திருப்பி அனுப்பலாம். டிக்கெட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பிறந்த தேதியோடும் வழக்கு எண்ணோடும் பதிவு செய்.

லைவ் வகுப்பில் கேமரா அணைந்தாலோ, தாமதமாக நுழைந்தாலோ, கார் ஓட்டிக்கொண்டே கலந்துகொண்டாலோ வருகை வெட்டுப்படும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் உட்கார், சார்ஜர் செருகியிருக்கட்டும். முடிந்ததும் சர்டிஃபிகேட் தானாகக் கோர்ட்டுக்குப் போய்ச் சேரும் என்று இருந்துவிடாதே. நீயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கு.

பாடத்தையும் காது கொடுத்துக் கேள். 5 சதவீத பீர் 12 அவுன்ஸ், ஒயின் 5 அவுன்ஸ், விஸ்கி ஒன்றரை அவுன்ஸ், மூன்றிலும் ஏறத்தாழ 14 கிராம் சாராயம்தான். அதைக் கரைக்க ஈரலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். காபியோ குளியலோ அதை விரைவுபடுத்தாது. '5%' என்று போட்ட வேப் திரவத்தில் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் நிகோடின். நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் மோசம்: எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறல். பரீட்சை வாரத்தில் ஆரம்பிக்காதே. 1-800-க்விட்-நவ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

இதையும் மனதில் வை. யாராவது குடித்து எழுப்ப எழுப்ப எழவில்லை என்றால் உடனே 911. முதலில் அழைத்து, உதவி வரும்வரை அங்கேயே இருந்து, வருகிறவர்களோடு ஒத்துழைத்தால், மது வைத்திருந்ததற்காக உன்மேல் வழக்கு வராமல் இந்தச் சட்டமே காக்கிறது. டிக்கெட்டுக்குப் பயந்து யாரையும் தூங்கட்டும் என்று விட்டுவிடாதே.

எல்லாம் முடிந்தபின் இரண்டு வழக்கின் முடிவுக்கும் கோர்ட் முத்திரையிட்ட சான்றுநகல் மூன்று மூன்று வாங்கு. பதிவை அழிக்க மனு போடுவதாக இருந்தால் அதற்கு முன்பே வாங்கிவிடு, அழித்தபின் கிடைக்காமல் போகலாம். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங்குக்கு நிரப்பும் டிஎஸ்-160 விண்ணப்பம் கைதும் தண்டனையும் பற்றிக் கேட்கிறது, மன்னிப்பு பெற்றவற்றையும் சேர்த்து. அங்கே என்ன எழுதுவது என்று வக்கீல் சொல்லட்டும், காகிதம் உன் கையில் இருக்கட்டும். ஒரு செட் எங்களுக்கு அனுப்பு, பாஸ்போர்ட் ஃபைலில் வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா