பென்ஸா, லேலண்டா?

பொள்ளாச்சி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் உன் தங்கச்சி பழனி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். டாக்டர் சொல்வதைக் கேள். ஓசூர்க் குளிரில் விடியற்காலையில் வாக்கிங் கிளம்பாதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். தென்னையில் வெள்ளை ஈ இன்னும் தொலைந்தபாடில்லை. காய்க்கு நல்ல விலை இருக்கும்போது விற்பதற்குக் காய் இல்லை. சின்னவன் வேலை மாறப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அது பெரிய கதை, நேரில் சொல்கிறேன்.

உன் பேரன் பழைய மூக்கு வண்டி ஒன்றின் படத்தைப் போனில் காட்டி, 'தாத்தா, இதையெல்லாம் நிஜமாகவே ஓட்டினார்களா?' என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். நீ ஒர்க்‌ஷாப் ஆள், உனக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு வாசித்துக் காட்டுவாய் என்றுதான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மூக்கு வண்டியை நான் ஓட்டினதைவிட அதில் உட்கார்ந்து போனதுதான் அதிகம். அறுபதுகளில் பள்ளிக்கூட லீவு விட்டால் உடுமலையில் அத்தை வீடு. ஏ.பி.டி. பஸ்ஸில்தான் போவோம். நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-ல் ஆரம்பித்த கம்பெனி. நம் ஊரில் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. இன்ஜின் மூக்குக்குள் இருந்ததால் உள்ளே அவ்வளவு சூடு தெரியாது. முகம் தட்டையான வண்டிகள் வந்த பிறகுதான் இன்ஜினை உள்ளே இழுத்து, டிரைவருக்கு இடது பக்கம் ஒரு பெட்டி போட்டு மூடினார்கள். அந்தப் பெட்டி மேல் உட்கார எங்களுக்குள் அடிதடியே நடக்கும். மார்கழியில் சுகம். சித்திரையில் உட்கார்ந்தவன் அடுத்த ஸ்டாப்பிலேயே எழுந்துவிடுவான். சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, படுதாதான். மழை வந்தால் ஆளாளுக்கு எழுந்து வாரை அவிழ்த்து இறக்குவோம். இறக்கி முடிப்பதற்குள் மழை நின்றிருக்கும். நான் வெளியே வேடிக்கை பார்த்ததே இல்லை. டிரைவரின் இடது கையையும் காலையும் பார்த்துக்கொண்டே போய்ச் சேருவேன்.

படத்தில் இருக்கும் டாட்டா வண்டியின் மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கிறதா என்று அவனைப் பார்க்கச் சொல். இருந்தால் அது 1969 வரைக்குமான காலத்து வண்டி. டாட்டா கம்பெனி 1954-ல் டைம்லர் பென்ஸோடு 15 வருஷ ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரியும் பஸ் சேஸிஸும், அதாவது உடம்பு கட்டாத அடிச்சட்டமும் இன்ஜினும், செய்தது. ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் இறங்கி 'டி' எழுத்து ஏறியது. நம் ஆட்கள் விட்டார்களா? எண்பதுகளிலும் எல்லோருக்கும் அது 'பென்ஸ் வண்டி'தான். லேலண்டு நம் பக்கத்துப் பிள்ளை. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்தவர்கள், 1955-ல் இங்கிலாந்து லேலண்டின் பங்கு சேர்ந்ததும் அசோக் லேலண்டு ஆனார்கள். ஓசூர் தொழிற்சாலை 1980-ல் வந்தது. நீ இப்போது அதன் நிழலில்தான் குடியிருக்கிறாய்.

கம்பெனியிலிருந்து வருவது சேஸிஸ் மட்டும்தான். உடம்பு கட்டுவது கரூரிலோ கோயமுத்தூரிலோ. ஒரு தடவை எண்ணூரிலிருந்து சேஸிஸ் கொண்டுவர என்னை அனுப்பினார்கள். கூரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை, கதவும் இல்லை. மரப்பெட்டி மாதிரி ஒரு சீட், ஸ்டீயரிங், முன்னால் திறந்தபடி இன்ஜின். தலையில் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி. எதிரே லாரி கடந்தால் வாயெல்லாம் மண். சேலம் வந்து சேர்ந்தபோது ஓட்டல் சப்ளையர் என்னை உட்காரச் சொல்லவே யோசித்தார். ஆனாலும் மாப்ளே, வண்டி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தப் பயணத்தில்தான். மூடி மறைக்க எதுவும் இல்லாமல் இன்ஜின், கியர்பாக்ஸ், ஷாப்ட் எல்லாம் அதனதன் குரலில் கேட்டது.

அந்தக் காலத்து டாட்டா பென்ஸ் இன்ஜினில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் போகாது. பக்கத்தில் ஒரு குட்டி அறை. அங்கே பற்றிக்கொண்டு, அப்புறம்தான் உள்ளே பாயும். அதனால் சத்தம் கொஞ்சம் மெத்து. ஆனால் குளிரில் அந்த அறை சூடாகாமல் பற்றாது, ஹீட்டர் பிளக் வேண்டும். டேஷ்போர்டில் சின்ன ஓட்டைக்குப் பின்னால் ஒரு கம்பிச்சுருள் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? குமிழை இழுத்துப் பிடித்தால் முதலில் கறுப்பாகவே கிடக்கும், பிறகு மங்கின சிவப்பு, பிறகு நல்ல நெருப்பு நிறம். அந்த நிறம் வரும்வரை செல்ஃபைத் தொடக்கூடாது. லேலண்டில் டீசலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சிவிடுவார்கள். ஹீட்டர் இல்லை, சடங்கு இல்லை. ஆனால் அடி பலம். சும்மா நிற்கும்போதே சன்னல் சட்டமெல்லாம் கடகடக்கும். பிற்பாடு டாட்டாவும் நேரடிக்கு வந்துவிட்டது, எண்பதுகளில் லேலண்டுக்கு ஹினோ இன்ஜின் வந்தது, இரண்டு சத்தமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அதற்கு முன்னால் ரோட்டில் வருவது பென்ஸா லேலண்டா என்று நம் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார். பென்ஸ் பேசும், லேலண்டு அதட்டும்.

வால்பாறை ரோட்டைப் பற்றியும் அவனுக்குச் சொல்ல வேண்டும். ஆழியாறு, செக்போஸ்ட், குரங்கு அருவி, அதன் பிறகு 40 கொண்டை ஊசி வளைவு. இப்போதைய வண்டிகளில் கியர் தானே இணங்கி விழுகிறது. அன்றைக்கு டபுள் கிளட்ச் தெரியாதவனால் அந்த மலையில் ஒரு வளைவு ஏற முடியாது. மேலே போகும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும் என்றால், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து இன்ஜின் வேகத்தை ஏற்றி, மறுபடி கிளட்ச் மிதித்து இரண்டில் போட வேண்டும். இத்தனையும் வண்டி நின்றுபோவதற்குள். எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று எந்த மீட்டரும் காட்டாது. சத்தம் ஒரு உயரத்துக்கு வந்ததும் கை தானாகத் தள்ளும். சரியாக இருந்தால் கியர் வெண்ணெயாக விழும். கொஞ்சம் பிசகினால் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டு, பின் சீட்டில் தூங்கும் கிழவிகூட எழுந்து, 'யாரப்பா டிரைவர், புதுசா?' என்பாள். நடுவளைவில் கியர் விழாமலே போனால் வண்டி பின்னால் உருள ஆரம்பிக்கும். கிளீனர் கட்டையோடு குதித்துப் பின் சக்கரத்துக்கு அடைப்பான். தனியார் பஸ்ஸில் கிளீனராக வந்த பையன்களுக்குச் சம்பளமே அந்தக் கட்டைக்குத்தான் என்று சொல்வேன்.

ஏறும்போது இருந்த பயம் இறங்கும்போது இரண்டு மடங்கு. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒவ்வொரு நாளும் சொல்வார். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டவர்கள் கதை உனக்கும் எனக்கும் தெரியும், அதை எழுத வேண்டாம். 9-வது வளைவில் லோம்ஸ் வியூ அருகே வரையாடு நிற்கும். பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்ப்பார்கள். நான் பிரேக்குக்குக் காற்று போதுமா என்று ஏர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தனை வருஷம் ஓட்டியும் அந்த ஆழியாறு அணையை நிம்மதியாகப் பார்த்தது ரிட்டயர் ஆன பிறகுதான்.

அட்டகட்டிக்கு மேலே ஒரு ராத்திரி வண்டி ஏர் பிடித்து நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் நீதான் டீசல் பம்பைப் பிரித்துப் பார்த்தாய். டேங்கில் டீசல் அடிமட்டம், வளைவில் வண்டி சாய்ந்ததும் பைப் காற்றை உறிஞ்சிவிட்டது. நல்ல பனி. கண்டக்டர் டார்ச் பிடித்தார். ஃபில்டர் மேலே இருக்கும் போல்ட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, மைகோ கம்பெனி டீசல் பம்பின் பக்கத்திலிருக்கும் கைப்பம்பை அடித்தேன். முதலில் வெறும் நுரை. அடிக்க அடிக்க நுரை குமிழாகி, குமிழ் குறைந்து, கடைசியில் டீசல் சுத்தமான கயிறாக வழிந்தது. போல்ட்டை இறுக்கிவிட்டுப் பம்பிலும் அதே வேலை, அப்புறம் டீசலைப் பீய்ச்சும் நாசில்களின் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்தல். எஸ்டேட்டுக்குத் திரும்பும் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டோரம் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரு சிலிண்டர் அடித்தது, பிறகு இரண்டு, பிறகு ஆறும் சேர்ந்து வெள்ளைப் புகையைக் கக்கின. அவர்கள் கைதட்டினதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய்.

புகையை வைத்தே வியாதி சொல்வாயே நீ. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங் போய்விட்டது. வெள்ளை, சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் நாசிலைப் பார். லாக் ஷீட்டில் டிரைவர் எழுதியதை நீ படித்ததாகவே எனக்குத் தெரியாது. கேட்டில் வண்டி நுழையும்போதே உன் முகம் மாறும்.

போன மாசம் மச்சினன் மகள் கல்யாணம், மாப்பிள்ளை வீடு வால்பாறை. ஒரு பஸ் பேசிக்கொண்டு போனோம். பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி, 2020 ஏப்ரலிலிருந்து அதுதானே சட்டம். டிரைவர் பையனுக்கு முப்பது வயசு இருக்கும், மரியாதையான பிள்ளை, என்னைக் கேபினில் உட்கார வைத்தான். ஆழியாற்றில் ஏதோ விளக்கு எரிந்தது. இறங்கிப் போய் ஒரு கேனிலிருந்து டேங்கில் ஊற்றினான். யூரியாவாம். சைலன்சர் வழியாகப் போகும் புகையில் அதைத் தெளித்தால் விஷம் குறையுமாம், தீர்ந்துபோனால் கம்ப்யூட்டரே இன்ஜின் பலத்தைக் குறைத்துவிடுமாம். 'நாம் வயலுக்குப் போடுகிற யூரியாவா தம்பி?' என்றேன். 'அதன் தம்பி' என்றான். பவர் ஸ்டீயரிங்கில் ஒரு கையால் வளைவைத் திருப்பினான். அதே வளைவில் நான் சீட்டை விட்டு எழுந்து தொங்கியிருக்கிறேன். பாதி மலையில் என் இடது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்ததைப் பார்த்து உன் தங்கச்சி சிரித்தாள்.

பழைய வண்டிகளே மேல் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பயணிகள், ஓட்டினவர்கள் இல்லை. இன்ஜின் இருந்த பக்கத்துக் காது எனக்கு மந்தம், போனை வலது காதில்தான் வைக்கிறேன். இடுப்பு உனக்குத் தெரியும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி அமைப்பு சந்தேகமில்லாமல் சொல்லிவிட்டது, நாம் அதைச் சாம்பிராணியாகச் சுவாசித்தோம். சென்னையில் மின்சார பஸ் ஓடுகிறது, ஓடட்டும். எனக்குக் குறையாகத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். வண்டிக்கு என்ன ஆகிறது என்பதை அது என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது வண்டிக்கு எல்லாம் தெரிகிறது, டிரைவருக்கு ஒரு விளக்கை மட்டும் காட்டுகிறது. அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, 'ஐயா, ராத்திரி ரோட்டில் ஸ்பேனரோடு நிற்காமல் வீட்டுக்குப் போகிறேனே' என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, ஒரு முக்கியமான சமாச்சாரம். ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய டாட்டா பஸ் இன்ஜின் ஒன்று, தண்ணீர் இறைக்க வைத்திருந்தது, சும்மா கிடக்கிறது. பம்ப் மைகோதான், மூடி உடையவில்லை. இரும்பு வியாபாரி எடைக்குக் கேட்டிருக்கிறாராம். தை வரைக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கால் சரியானதும் பேரனையும் கூட்டிக்கொண்டு வா. ஒருநாள் உட்கார்ந்தால் ஓடவைத்துவிடலாம் என்று நினைக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்? லேலண்டாக இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. உன் ஸ்பேனர் செட்டை மறக்காமல் எடுத்து வா. என்னுடையதைச் சின்னவன் யாருக்கோ இரவல் கொடுத்து, அவர் யார் என்பதையும் மறந்துவிட்டான்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் பென்ஸ் டிரைவர்