எங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டிப் பழக ஓர் இடம் வேண்டும்

கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சுக்கும் ஸ்போர்ட் சிங்கப்பூருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் சின் மிங்கில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்க்கிறவன். வார நாள்களில் டாக்சி, டெலிவரி வேன், யாராவது கொண்டுவரும் பழைய டொயோட்டா. சனி, ஞாயிறில் கார்ட், அதாவது பிள்ளைகள் பந்தயம் பழகும் குட்டி வண்டி. நான்கு பிள்ளைகளின் பந்தய கார்ட்டுகளுக்கு நான்தான் மெக்கானிக். அவர்களில் ஒருத்தி என் அக்கா மகள், 13 வயது. இந்தப் பிள்ளைகள் ஓட்டிப் பழக நம் ஊரில் ஒரு பந்தயத் தடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கோப்பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் டொயோட்டா ரேசிங் சீரிஸ் என்று ஒற்றை இருக்கை கார்களுக்கான பந்தயத் தொடர் ஒன்று இருந்தது. ஐரோப்பாவில் பனி கொட்டும் மாதங்களில் அங்கே கோடை என்பதால், பல நாட்டு இளம் ஓட்டுநர்கள் அந்தச் சமயத்தில் அங்கே போய் ஓட்டுவார்கள். 2016இல் அந்தத் தொடரை வென்றவர் லாண்டோ நோரிஸ். 2015இல் வென்றவர் லான்ஸ் ஸ்ட்ரோல். 2014இல் வென்றவர் ஆண்ட்ரூ டாங். அவர் சிங்கப்பூரர்.

ஸ்ட்ரோல் 2017இல் ஃபார்முலா ஒன் எனும் எஃப்1 பந்தயத்துக்குப் போனார். நோரிஸ் 2019இல் போனார். 2024இல் நம் மெரினா பேயில் நோரிஸ் 20 வினாடிக்கும் மேல் இடைவெளி விட்டு வென்றபோது ஊரே எழுந்து நின்று கைதட்டியது. 2025இல் அவர் உலக வெற்றியாளரும் ஆகிவிட்டார். ஆண்ட்ரூ டாங் எஃப்1 வரை போகவில்லை. அவர் பெயரை என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொன்னால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. ஒரே கோப்பையை அடுத்தடுத்து மூன்று இளையர் கையில் ஏந்தியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளிடம் திறமை இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

எஃப்4, எஃப்3, எஃப்2 போன்ற கீழ்ப்படித் தொடர்களில் ஓட்டித்தான் எஃப்1க்கு ஏற வேண்டும். ஆசியாவில் இந்தப் பாதையில் ஏறிப் போனவர்கள் குறைவில்லை. இந்தோனீசியாவின் ரியோ ஹர்யாந்தோ 2009இல், 16 வயதில், ஃபார்முலா பிஎம்டபிள்யூ பசிபிக் தொடரை வென்றார். 2016இல் எஃப்1இல் ஓட்டினார். சீனாவின் ஜோ குவான்யூ 2021இல் ஆசிய எஃப்3 தொடரை வென்று மறு ஆண்டே எஃப்1இல் இருந்தார். ஜப்பானின் யூக்கி சுனோடா 2018இல் ஜப்பானிய எஃப்4 வெற்றியாளர், 2021இல் எஃப்1. நம் கிறிஸ்டியன் ஹோ 2025இல் எஃப்3 உலகத் தொடரில், டாம்ஸ் அணிக்காக, ஓட்டியிருக்கிறார். அது எவ்வளவு பெரிய உயரம் என்பதை நம் ஊர்ச் செய்திகள் இன்னும் சரியாகச் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

தமிழர்களான எங்களுக்கு இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். மில் குடும்பத்துக்காரர், பந்தயப் பித்து பிடித்தவர். இறக்குமதி செய்த பந்தயக் கார் வாங்கப் பணக்காரர்களால் மட்டுமே முடிந்த காலம் அது. மாருதி எஞ்சினை வைத்து, உள்ளூரிலேயே, குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை கார்களைக் கட்டினார். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் நிரந்தரப் பந்தயத் தடமும் வந்துவிட்டது. மலிவான கார் ஒரு பக்கம், போய் ஓட்ட ஓர் இடம் இன்னொரு பக்கம். அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய பையன்தான் நரேன் கார்த்திகேயன். 1996இல் ஃபார்முலா ஆசியா தொடரை வென்றார், 2005இல் எஃப்1இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவருக்கு அடுத்து வந்த சென்னைக்காரர் கருண் சந்தோக், 2006இல் ஆசிய ஃபார்முலா ரெனோ வி6 வெற்றியாளர், 2010இல் எஃப்1. ஒரே மாநிலத்திலிருந்து இரண்டு பேர். இன்றும் கோவையில் கரிவரதன் பெயரில் ஒரு தடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மாமா, நமக்கு எங்கே தடம்?"

நமக்கும் ஒரு காலத்தில் இருந்தது. எங்கள் பட்டறையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பழைய அப்பர் தாம்சன் ரோடு. இப்போது அங்கே தாம்சன் இயற்கைப் பூங்கா, கிளைக்குக் கிளை தாவும் அரிய லங்கூர் குரங்குகள். 1961 முதல் 1973 வரை அந்தச் சாலையில்தான் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்தது. 1967இல் வென்றவர் ரோட்னி சியோ, நம் ஊர்க்காரர், ஒற்றை இருக்கை காரில். அப்போது சிறுவனாக இருந்த என் அப்பா மேட்டில் ஏறி நின்று அதைப் பார்த்திருக்கிறார். எஞ்சின் சத்தம் வயிற்றுக்குள் இறங்கியது என்று இன்றைக்கும் சொல்வார். அது பொதுச் சாலை. ஓரத்தில் மரங்கள், கால்வாய். விபத்துகளில் உயிர்கள் போயின. பந்தயத்தை நிறுத்தியது சரியான முடிவு. ஆனால் அதற்குப் பதிலாகப் பாதுகாப்பான ஒரு நிரந்தரத் தடம் இந்த ஐம்பது ஆண்டுக்கும் மேலாக வரவே இல்லை. சாங்கியில் வரும் என்றார்கள். ஒப்பந்தம் ஆனது, பிறகு வேலை நின்று அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

சரி, இடம் இல்லாமல் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை அதிகாலை 3 மணிக்கு வேன் கிளம்புகிறது. பின்னால் இரண்டு கார்ட், உதிரி எஞ்சின், டயர்கள், கருவிப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். நாங்கள் போகும் தடம் மலேசியாவின் சிப்பாங்கில், ஒரு வழிக்கு ஏறக்குறைய 330 கிலோமீட்டர். பிள்ளைகள் வழியெல்லாம் தூங்குவார்கள், என் அக்கா மகள் மட்டும் சாலையையே பார்த்துக்கொண்டு வருவாள். போய்ச் சேர்ந்து, இறக்கி, டயர் காற்றைச் சரிபார்த்து, கார்புரேட்டரைத் திருத்தி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். பிறகு 10 நிமிடம் ஓட்டம், இடைவேளை, மறுபடி 10 நிமிடம். நல்ல நாளில் ஐந்து முறை தடத்தில் இறங்குவாள். ஐந்து பத்து ஐம்பது. 660 கிலோமீட்டர் போய்வந்து, 50 நிமிடம் ஓட்டம். மழை வந்துவிட்டால் அதிலும் பாதி.

இந்த விளையாட்டில் 'சீட் டைம்' என்று ஒரு சொல் உண்டு. இருக்கையில் உட்கார்ந்து ஓட்டிய நேரம். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங், கிடையாது, பின்பக்க இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் இறுகியிருக்கும். அதனால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுத் துளி எழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். அந்த எழும்பலைக் கண்ணால் பார்க்க முடியாது. இடுப்பிலும் விலாவிலும்தான் உணர வேண்டும். எந்தப் புத்தகமும், எந்த சிமுலேட்டரும் அதை முழுதாகக் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. நூறு முறை, ஆயிரம் முறை அதே வளைவில் போய்த்தான் வரும். வட இத்தாலியில் லொனாட்டோ கார்ட் தடத்துக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளை, பள்ளிக்கூடம் முடிந்து சாயங்காலம் போய் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பாடம் படிக்கிறது. எங்கள் பிள்ளை ஒரு மாதத்தில் சேர்க்கும் சீட் டைமை அந்தப் பிள்ளை ஒரே வாரத்தில் சேர்த்துவிடும். பிறகு 15 வயதில் இருவரும் ஒரே எஃப்4 தொடக்கக் கோட்டில் நிற்கிறார்கள்.

வாடகை கார்ட் ஓட்டும் இடங்கள் இங்கே இருக்கின்றன என்பது தெரியும். சென்டோசாவில் மின்சார கார்ட்டும் உண்டு. குடும்பத்தோடு போய் மகிழ நல்ல இடங்கள். நான் கேட்பது வேறு. பந்தய கார்ட்டுகள் முழு வேகத்தில் ஓட, அனைத்துலக அளவில் போட்டி நடத்த, குறைந்தது 20 ஆண்டு நிலக் குத்தகையோடு ஒரு தடம். என் கண் முன்னாலேயே கார்ட் தடங்கள் திறந்து, குத்தகை முடிந்து மூடியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அத்தோடு விளையாட்டையே விட்டுவிட்டார்கள். நிலம் நமக்கு எவ்வளவு அரிது என்பது வீவக அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு நல்ல கார்ட் தடம் ஒன்றேகால் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கோல்ஃப் திடலுக்கு வேண்டிய நிலத்தில் சின்னத் துண்டு போதும். கிராஞ்சியில் குதிரைப் பந்தயத் திடல் 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. அந்த நிலத்துக்கு வீடமைப்புத் திட்டம் போடும்போது, சத்தம் தொந்தரவு தராத ஒரு மூலையை எங்களுக்காகவும் எண்ணிப் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2018 முதல் 2021 வரையிலான எஃப்1 ஒப்பந்தக் காலத்தில், பந்தயம் நடத்த ஆண்டுக்கு ஏறக்குறைய 135 மில்லியன் வெள்ளி செலவு என்றும், அதில் 60 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்கிறது என்றும் அறிவிக்கப்பட்டது. இப்போதைய ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது. அந்தச் செலவை நான் குறை சொல்லவில்லை. 2008இல் முதல் இரவுப் பந்தயம் நடந்தபோது எனக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை. அந்தப் பழைய கணக்கில் அரசாங்கத்தின் பங்கு 81 மில்லியன். அதில் நூற்றில் ஒரு பங்கு 810,000 வெள்ளி. ஆண்டுதோறும் அவ்வளவு பணத்தை இளம் ஓட்டுநர்களுக்கென ஒதுக்கினால், வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் கார்ட்டில் உட்காரலாம். என் நான்கு பிள்ளைகளில் ஒருவனுடைய அப்பா பேருந்து ஓட்டுநர். அவர் மிகைநேர வேலை பார்த்து டயர் வாங்குகிறார். சென்ற வருடம் ஒரு நிறுவனத்திடம் ஆதரவு கேட்டுப் போனோம். பையனின் நேரப் பதிவுகளைப் பார்க்காமலேயே, அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பையன் அன்று வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் தேசிய சேவை, பையன்கள் 18 வயதுவாக்கில் இரண்டு ஆண்டு செய்ய வேண்டிய கட்டாயச் சேவை. இதை எழுதக் கொஞ்சம் தயக்கம்தான், ஆனால் எழுதாமல் விட்டால் மடல் அரைகுறையாகிவிடும். நானும் அன்றைய கணக்குப்படி இரண்டரை ஆண்டு சேவையாற்றியவன். அதில் எனக்குப் பெருமை உண்டு, யாருக்கும் விலக்கு வேண்டாம். நான் கேட்பது தள்ளிவைப்பு மட்டும். நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங்குக்கு 2013இல் தற்காப்பு அமைச்சு தள்ளிவைப்பு கொடுத்தது. 2016இல் ரியோவில் அவர் நம் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்று வந்தார். மோட்டார் பந்தயம் ஒலிம்பிக்கில் இல்லை. அதனால் பதக்க வாய்ப்பை வைத்து அளந்தால் எங்கள் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். ஆனால் எஃப்1இல் ஓட்டும் உரிமத்துக்குக் கீழ்ப்படித் தொடர்களில் மூன்று பருவங்களுக்குள் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். 15 வயதில் எஃப்4, 17, 18இல் எஃப்3, அதற்கு மேல் எஃப்2 என்பதுதான் ஏணி. சரியாக அந்த ஏணியின் நடுப்படியில், 18 வயதில், இரண்டு ஆண்டு இடைவெளி விழுந்தால் சேர்த்த புள்ளிகளில் பெரும்பகுதி காலாவதியாகிவிடும். எஃப்3 அளவில் அணி ஒன்றில் இடம் பிடித்த ஓட்டுநருக்கு 22 வயதுவரை தள்ளிவைப்பு என்று எழுத்தில் ஒரு விதி இருந்தால், 12 வயதுப் பையனின் பெற்றோர் இன்றே தெளிவாக முடிவெடுக்கலாம். இப்போது அவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பணத்தைப் போடுகிறார்கள்.

என் அக்கா மகளுக்கு அந்தக் கவலை இல்லை. அவளுக்கு வேறு கவலை. 2024இல் எஃப்1 அகாடமி, பெண்களுக்கான ஒற்றை இருக்கைத் தொடர், மெரினா பேயில் ஓடியபோது அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கார் நேர்ப்பாதையில் பிரேக் பிடிக்கும் இடத்தைக் கவனித்துவிட்டு, "நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பேன் மாமா" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டில் அவளுக்கு 15 வயது ஆகிவிடும். தடம் கட்ட உங்களுக்கு அதைவிட அதிக காலம் ஆகும், அது எனக்குப் புரிகிறது. இடைக்காலத்துக்கு ஒன்று செய்யலாம். சிப்பாங்கில் மாதம் இரண்டு நாள், சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கென்றே, உங்கள் பெயரில் தடத்தை வாடகைக்கு எடுங்கள். நம் தேசிய மோட்டார் பந்தயச் சங்கமான மோட்டார் ஸ்போர்ட்ஸ் சிங்கப்பூர் மேற்பார்வை பார்க்கட்டும். ஒரு பேருந்து, ஒரு சரக்கு வண்டி. மெக்கானிக் வேலைக்கு நான் சம்பளம் கேட்க மாட்டேன், என்னைப் போல் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறோம்.

முடிவெடுப்பதற்கு முன் உங்களில் ஒருவர் ஒரு சனிக்கிழமை எங்களோடு வந்து பாருங்கள். வேன் உட்லண்ட்ஸில் அதிகாலை 3 மணிக்கு நிற்கும். முன் இருக்கையை உங்களுக்கு வைத்திருக்கிறோம். மூன்று ஃபிளாஸ்க் தேநீரும், அக்கா கட்டிக் கொடுக்கும் புளிச்சோறும் உண்டு. கடப்பிதழை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
சின் மிங் பட்டறை மெக்கானிக்,
நான்கு பிள்ளைகளின் மாமா