மாப்ள, அந்தப் பனி சீன் பத்தி

மாப்ள, உன் பையன் இப்போ உன்கூடதான் இருக்கானாம். மூணாவது மனுஷன் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. அதுல வருத்தம் இருக்கு, சந்தோஷம் அதவிட நெறைய இருக்கு, போன் பண்ணா நீ எடுக்க மாட்ட, அதான் இங்க எழுதுறேன்.

பேச்சு ஏன் நின்னுச்சுன்னு உனக்குத் தெரியும், படிக்கிற மத்தவங்களுக்கு அது வேணாம். 'தி ரெய்டு 2'ங்கிற இந்தோனேசிய சண்டப் படத்தப் பத்தி மட்டும் பேசுறேன். (மட்டும்னு சொல்ல முடியாது, சரி.)

2014-ல அந்தப் படத்துக்கு எப்படிக் காத்துக் கெடந்தோம்! முதல் பார்ட் ஒரே பில்டிங், 101 நிமிஷம், மூச்சு விட விடல. ரெண்டாவது ரெண்டரை மணி நேரம், ஜகார்த்தா முழுக்க கேங்கு, அப்பன் மகன் பஞ்சாயத்து. சண்ட உச்சம் ஆனா கத இழுவன்னு ஒரு கூட்டம், முதல் பார்ட்டத் தூக்கிச் சாப்ட்டுருச்சுன்னு இன்னொரு கூட்டம். நான் இழுவ கூட்டம். டைரக்டர் கேரத் எவன்ஸ் இந்தக் கதயத்தான் முதல்ல எழுதி வச்சிருந்தார், பணம் பொரளாமத்தான் சின்ன பட்ஜெட்ல பில்டிங் படத்த எடுத்தார்னு நீ வக்காலத்து வாங்குவ. அதுக்காக இழுவ இழுவ இல்லன்னு ஆயிடுமாடா?

நடிகர் யாயன் ருஹியான் வந்தப்போ எல்லாருக்குமே கொழப்பம், முதல் பார்ட்ல மேட் டாக்கா செத்த ஆளு இதுல பிரகோசோன்னு வேற கேரக்டரா, அழுக்குத் துணியும் சடமுடியுமா வந்து நிக்கிறாரு. பிரிஞ்சுபோன மனைவி எதிர்ல உக்காந்து புள்ளயப் பத்திப் பேசுவான் பாரு, நீ அப்பவே அசையாம இருந்த, நான் கவனிக்கல. அப்புறம் அவன வெட்டிச் சாய்க்கிற தெருவுல பனி கொட்டுது. ஜகார்த்தாவுல பனி! பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல எவன்டா ஐஸ் கொட்டுனதுன்னு நான் சத்தமா கேட்டேன், முன் சீட்டுக்காரனும் சேந்து சிரிச்சான், நீ எந்திரிச்சுப் போயிட்ட.

அந்த லாஜிக் ஓட்டைய உலகமே கிண்டல் பண்ணுச்சு, நான் மட்டும் இல்ல. உன் வீட்ல அப்போ என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பனா? கூடவே திரிஞ்சவன்கிட்ட மறச்சுட்டு, கூடவே திரிஞ்சவனுக்குப் புரியலன்னு கோவம் வேற. சாரிடா. சாரிதான், ஆனா பாதி உன் மேலயும் இருக்கு.

உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. பிரகோசோவக் கொன்னானே, வளஞ்ச கெராம்பிட் கத்தி வச்சிருக்கவன், செசெப் ஆரிஃப் ரஹ்மான் நடிச்ச கேரக்டர், அவனயும் ஹீரோ ராமாவயும் கடைசில ஒரு கிச்சன்ல மோத விட்டிருப்பாங்க. பேச்சே கெடையாது, பேக்ரவுண்ட் மியூசிக்கும் கொஞ்ச நேரம் அடங்கியே இருக்கும், ரெண்டு பேரும் மொதல்ல மரியாதயா அளந்து அளந்து அடிப்பாங்க, போகப் போக கை நடுங்க ஆரம்பிக்கும். பிரகோசோ கணக்கு அங்கதான் தீருது. படத்த இழுவன்னு எழுதுன நானே அந்த சண்டைய மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்திருக்கேன், நீ அதுக்கு முன்னாடியே வெளிய போயிட்ட.

பையனுக்குக் காட்டித் தொலைக்காத, வன்முறை ஜாஸ்தின்னு மலேசியாவுல ரிலீஸே பண்ண விடல. நீ மட்டும் பாரு. திட்டணும்னா போன்ல திட்டு, கீழ கமெண்ட்ல வேணாம், நம்ம ஆளுங்க படிக்கிறாங்க.