ருபீடியம் வாய் திறக்காவிட்டால்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. எஃப்.இ-5680ஏ ருபீடியம் ஆசிலேட்டர் (ருபீடியம் அணுவை வைத்து மிகத் துல்லியமான அதிர்வெண் தரும் கருவி) லாக் ஆகிறது, அதாவது அணுவின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொள்கிறது, 10 மெகாஹெர்ட்ஸும் வருகிறது, கம்ப்யூட்டரோடு பேசும் சீரியல் இணைப்பில் மட்டும் ஒரு பைட்கூட வரவில்லை என்கிறாய். லாக் ஆகிற யூனிட்டைப் பழுதென்று ஒதுக்கிவிடாதே. பெரும்பாலும் வயரிங்கில்தான் கோளாறு, இல்லாவிட்டால் நீ அனுப்பும் பைட்டில்.

ஒன்பது பின் கனெக்டர் என்பதால் அது சீரியல் போர்ட் ஆகிவிடாது. பழைய சரக்காக வரும் பெரும்பாலான யூனிட்டுகளில் 1-ல் 15 வோல்ட், 2-ல் கிரவுண்ட், 3-ல் லாக் சிக்னல், 4-ல் 5 வோல்ட், 8-ல் கமாண்ட் உள்ளே போகும், 9-ல் பதில் வரும். சாதாரண கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டர் அனுப்பும் டேட்டா லாக் பின்னில் போய் மோதும்.

அடுத்து, எதையும் அனுப்பாமல் 9-வது பின்னை மல்டிமீட்டரால் பார். மைனஸ் 5 வோல்ட்டோ அதற்கும் கீழோ காட்டினால் ஆர்.எஸ்-232, அதாவது கம்ப்யூட்டரின் பழைய சீரியல் போர்ட் முறை. பிளஸ் 3.3 அல்லது 5 என்றால் டி.டி.எல், அதாவது சிப்புகள் தங்களுக்குள் பேசும் முறை. ஒன்றின் சிக்னல் மற்றதற்குத் தலைகீழ், கம்ப்யூட்டரோடு இணைக்கும் அடாப்டரும் வேறு. பூஜ்யம் என்றால் உன் யூனிட்டின் பின் வரிசையே வேறாக இருக்கலாம், அல்லது லெவல் மாற்றும் ஐ.சி. போயிருக்கலாம். அடாப்டரை ஆசிலேட்டரில் இருந்து கழற்றி, அதன் 2, 3 பின்களைச் சேர்த்துப் பிடித்து டைப் செய். அடித்தது திரும்பி வரவேண்டும்.

செட்டிங் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம். டெர்மினலில் எண்களை எழுத்தாக அடித்தால் பயனில்லை, பைட்டாகவே போகவேண்டும். இப்போதைய ஆஃப்செட் (அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்தும் எண்) என்ன என்று கேட்க, தசமத்தில் 45, 4, 0, 41 அனுப்பு. கடைசி எண் முதல் மூன்றின் எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1 போடும் கணக்கு). அது பிசகினால் யூனிட் பிழை என்றுகூடச் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். சரியாக இருந்தால் 45, 9, 0, 36 என்று தொடங்கி 9 பைட் வரும்.

மைனஸ் 100 ஆஃப்செட் கொடுக்க: 46, 9, 0, 39, 255, 255, 255, 156, 99. கடைசி 99, முந்தைய நான்கின் எக்ஸார். ஒரு படி ஏறத்தாழ 6.8 மைக்ரோஹெர்ட்ஸ். ஸ்கோப்பை (அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்) ஜி.பி.எஸ். கருவி தரும் 10 மெகாஹெர்ட்ஸில் ட்ரிகர் செய்தால், சரியாக நிற்கும் அலை இந்த 100 படிக்கு 25 நிமிடத்தில் ஒரு சைக்கிள் நகரும். கண்ணால் பார்க்கவேண்டிய காட்சி அது!

ஆஃப்செட்டை நிரந்தரமாகச் சேமிக்கும், 44-ல் தொடங்கும் கமாண்டை மட்டும் புரோகிராம் லூப்பில் வைக்காதே. அது ஒவ்வொரு முறையும் ஈ.ஈ.ப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத மெமரி) எழுதும், அந்த மெமரி தேய்ந்துவிடும்.

9-வது பின்னின் வோல்டேஜையும் லேபிளில் உள்ளதையும் அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்