படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிராம சபை நடக்கும் நாட்களில் கலெக்டரோ அமைச்சரோ மக்களோடு உட்கார்ந்திருக்கும் படம் பத்திரிகைகளில் வருகிறது. கூட்டம் கலைந்த பிறகு தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதும் செய்தியாக வர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

நான் சிவகங்கை மாவட்டத்துக்காரி. கண்மாய்ப் பாசன ஊர். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முக்கால்வாசி தூர்ந்துபோய்விட்டது. போதாததற்கு, பிளாட் போட்டவர்கள் பாதைக்காக ஓர் இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் ரோட்டில்தான் ஓடுகிறது. வரத்துக்காலை அளந்து கல் நட வேண்டும், மேட்டை எடுக்க வேண்டும் என்று ஒரு மே 1 கிராம சபையில் எழுந்து கேட்டேன். சுற்றி இருந்தவர்களும் ஆமாம் என்று குரல் கொடுத்தார்கள். தீர்மானத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் வரை ஒன்றும் நடக்கவில்லை. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தீர்மான நகல் கேட்டேன். வந்தது. டெங்கு ஒழிப்பு, பிளாஸ்டிக் தடை, குடிநீர்ச் சிக்கனம் என்று மேலிருந்து வந்த கூட்டப் பொருள்கள் வரிசையாக ‘ஏகமனதாக’ நிறைவேறியிருந்தன. வரத்துக்கால் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எப்படி நடந்தது என்று யோசித்தால் எல்லாம் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. டீயும் பிஸ்கட்டும் வரும்போது கூடவே நோட்டும் வரும். எங்கள் ஊராட்சி மூவாயிரம் பேரைத் தாண்டியது, 200 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். அதனால் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை முதலில் உட்கார வைத்து வரிசையாகக் கையெழுத்து வாங்குவார்கள். என் பக்கத்தில் இருந்த ஆத்தா ஒருவர், “ஏந்தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லேன்” என்று கேட்டார். “அப்புறம் எழுதிக்குவோம் ஆத்தா, நீங்க ரேகை வைங்க” என்று பதில் வந்தது. வைத்தார். நானும் அடுத்ததாகப் போட்டேன்.

கிராம சபை என்பது சடங்கு இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் அரசியல் சாசனத்திலேயே அதற்கு இடம் கொடுத்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள். நம் பிரதிநிதியை அனுப்பாமல் நாமே நேரில் போய் உட்காரும் சபை இது ஒன்றுதான். ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்ஸைட் தோண்டலாமா என்று அங்குள்ள கிராம சபைகளிடம் கேட்கச் சொல்லி 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சபை கூட்டப்பட்ட பன்னிரண்டு ஊரும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூரைப் பாருங்கள். டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும் 2024 நவம்பர் கிராம சபையில் அரிட்டாபட்டி மக்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள், சுற்றுப்பட்டு ஊராட்சிகளும் போட்டன. அப்புறம் மதுரை வரைக்கும் ஆயிரக்கணக்கில் நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. தீர்மானம் மட்டும் அதைச் செய்துவிடவில்லை, தெரியும். ஆனாலும் ஊர் சொன்னது தாளில் ஏறியிருந்தது.

எங்கள் ஊரில் ஏறவில்லை என்பதுதான் என் ஆதங்கம். இதில் ஊராட்சித் தலைவரைக் கேட்கலாம் என்றால், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் கிராம சபை ஒன்றுதான் மக்களுக்கு மிச்சம். அதில் நடப்பது அப்போதுதான் இன்னும் சரியாக எழுதப்பட வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. தீர்மானத்தை அங்கேயே எழுதி, மைக்கில் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்கட்டும். ஒரு வாரத்துக்குள் நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். அடுத்த சபை தொடங்கும்போது, போன தடவை போட்ட தீர்மானம் ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று பற்றாளர் (கூட்டத்தைப் பார்வையிட வரும் அரசு அலுவலர்) முன்னிலையில் சொல்லட்டும். சபையை எப்போதும் ஒரே இடத்தில் கூட்டுவதையும் மாற்ற வேண்டும். எங்கள் ஊரில் ஒரே ஒரு முறை காலனி சமுதாயக் கூடத்தில் நடந்தது. அதுவரை வாயே திறக்காத பெண்கள் அன்று குடிதண்ணீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை என்று ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். அவர்கள் பேச்சில் பாதிக்கு மேல் எனக்கே புதுச் செய்தி, அத்தனை வருடம் ஒரே ஊரில் இருந்தும்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபைக்கு நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்து போகிறோம். வரத்துக்கால் மனுவை இரண்டு பிரதி எழுதி வைத்திருக்கிறோம், ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்க. ரேகை வைத்த ஆத்தாவும் வருகிறார். படித்துக் காட்டாமல் நோட்டைத் தொடுவதில்லை என்று இப்போதே சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிவகங்கை மாவட்டம்.